கழுத்து வலிக்குத் தலையணைதான் காரணமா?

லிங்கராஜபுரத்தில் நம்மவர் இருவர் சந்தித்தால் இப்போது கழுத்து வலிப் பேச்சுதான். பழி தலையணைக்கு! என் மகளுக்கும் மூன்று தலையணை மாற்றிப் பார்த்தோம். வலி போகவில்லை. கட்டிலில் மடிக்கணினியை வைத்து நாள் முழுதும் குனிந்து வேலை பார்த்ததை நான்தான் கவனிக்கவில்லை.

ரயில்வேயில் இருந்தவன் சொல்கிறேன்: கிரேனின் கை நீள நீள, அதே சுமை அதிகமாக இழுக்கும். தலையும் அப்படியே. அதன் எடை சுமார் 5 கிலோ. 60 பாகை குனிந்தால் கழுத்தில் ஏறும் பாரம் சுமார் 27 கிலோ என 2014இல் அமெரிக்க மருத்துவர் ஹன்ஸ்ராஜ் கணக்கிட்டார்.

வயதானவர்களுக்கு எலும்புத் தேய்மானமும் உண்டு. இளையவர்களுக்கு இந்தக் குனிவும் ஒரு காரணமாகலாம். திரையைக் கண் மட்டத்துக்கு உயர்த்துங்கள். அரை மணிக்கொருமுறை எழுந்து நடங்கள். கை மரத்துப்போனால், வலுவிழந்தால், தைலம் தேய்த்துக் காலம் கடத்தாமல் மருத்துவரிடம் காட்டுங்கள்.