தீயணைப்புப் படையும் தோட்டத்து லயமும்

நகரத்துக்கு ஒரு படை, பக்கத்து ஊருக்கு வேறொரு படை என்று பிரிந்து கிடந்த தீபகற்ப மலேசியாவின் தீயணைப்புச் சேவையை 1976 ஜனவரி 1ஆம் தேதி மத்திய அரசாங்கம் ஒரே இலாகாவாக்கியது. அது சரியான காரியமே. தீ மூண்ட வீடு எந்த ஊராட்சிக்கு வரி கட்டுகிறது என்று பார்த்துவிட்டுத் தண்ணீர் அடிப்பது நாகரிக நாட்டுக்கு அழகல்ல. 1993இல் ஹைலண்ட் டவர்ஸ் சரிந்து 48 பேர் மாண்டனர். 1997இல் ‘மீட்பு’ என்ற சொல்லும் இலாகாவின் பெயரில் ஏறியது.

ஆனால் இணைப்பின் பலன் தோட்டத்து லயம்வரை வந்ததா என்பதே நம் கேள்வி. பலகை லயத்தில் ஓர் அடுப்படியில் பிடித்த தீ, கூரையோடு கூரையாய் ஓடி வரிசையையே தின்றுவிடும். வண்டி சுமந்து வரும் தண்ணீர் தீர்ந்தால் ஆற்றையோ குட்டையையோ தேட வேண்டும்.

இன்னொரு தொல்லை பெயரில். நம் மக்கள் வழங்கும் தோட்டப் பெயர் ஒன்று. பதிவேட்டுப் பெயர் ஒன்று. கம்பெனி கைமாறினால் மூன்றாவதும் முளைக்கும். பக்கத்துப் பட்டணத்துப் படையாளுக்குத் தமிழ்ப் பெயரைச் சொன்னாலே வழி தெரிந்திருக்கும். எங்கோ உட்கார்ந்து 999 அழைப்பை எடுப்பவருக்கு அது எப்படித் தெரியும்? படைகளை ஒன்றாக்குவோர் வண்டிகளை எண்ணுகிறார்கள். இந்த அறிவை எண்ணுவதில்லை.

நிர்வாகத்திடம் நாம் கேட்பது அதிகமில்லை. பெருஞ்சாலை முனையில் எல்லாப் பெயரும் எழுதிய பலகை. குட்டைவரை வண்டி இறங்கப் பாதை. இரவில் பூட்டும் கேட்டின் சாவி லயத்துக்கு அருகில் ஒருவர் கையில். கிளைச் செயலாளர்கள் அருகிலுள்ள நிலைய அதிகாரியை அழைத்துத் தோட்டத்தைச் சுற்றிக் காட்ட வேண்டும். மானேஜர் அனுமதி மறுத்தால், அதை எழுத்தில் வாங்கி எமக்கு அனுப்புங்கள்.