ஏழு நாளாகக் கோலம் வரவில்லை!

ஞாயிற்றுக்கிழமை இரவு 8 மணி. அசோக் நகரில், தூணிலிருந்து நடந்துபோகும் தூரத்தில், பழைய மூன்று மாடிக் குடியிருப்பு ஒன்றின் தரைத்தளம். பெயர் வேண்டாம். இது ஒரே ஒரு வீட்டின் கதை இல்லை. பல வீடுகளில் கொஞ்சம் கொஞ்சமாக நடப்பதைச் சேர்த்துச் சொல்லும் கதை.

சாப்பாட்டு மேசையில் எவர்சில்வர் டப்பா மீது போனைச் சாய்த்து வைத்திருக்கிறார் அம்மா. வயது 66. ஓய்வுபெற்ற ஆசிரியை. கணவர் இறந்து நான்கு வருடங்கள் ஆகின்றன. திரையில் மகன். அமெரிக்காவின் டல்லாஸில் அப்போது காலை 9.30.

"சாப்பிட்டியாடா?"

"இப்பதாம்மா டிபன் ஆச்சு. நீ?"

"ஆச்சு, இட்லிதான். உடம்பெல்லாம் எப்படி இருக்கு?"

"நல்லா இருக்கேன்மா. உனக்கு?"

"எனக்கென்ன, நல்லா இருக்கேன். ஆபீஸ்லாம்?"

"போயிட்டு இருக்கும்மா."

பதினோரு நிமிடங்களில் பேச்சு முடிந்துவிட்டது. இருவர் சொன்னதும் பொய்.

அம்மாவின் வலது கையில் மாவுக்கட்டு. ஆறு நாள்களுக்கு முன், திங்கட்கிழமை மதியம் பாத்ரூமில் வழுக்கி விழுந்ததில் மணிக்கட்டு எலும்பு முறிந்துவிட்டது. எதிர் வீட்டு அக்காதான் ஆட்டோ பிடித்து ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனார். கட்டுப் போட்ட கை திரையில் தெரியாதபடி மேசைக்குக் கீழே இருந்தது.

மகனுக்கு வேலை போய் இரண்டு வாரம் ஆகிறது. அவர் இருப்பது எச்1பி விசாவில். வேலை போனால் அதிகபட்சம் 60 நாள் அவகாசம். அதற்குள் வேறு நிறுவனம் கிடைக்க வேண்டும், அல்லது வேறு விசாவுக்கு மாற வேண்டும், இல்லாவிட்டால் நாட்டை விட்டுக் கிளம்ப வேண்டும். அம்மாவுக்குத் தெரியக் கூடாது என்று இஸ்திரி போட்ட சட்டையோடு வந்து உட்கார்ந்திருந்தார்.

கை உடைந்தது எதிர் வீட்டுக்குத் தெரியும். வேலை போனது பெங்களூருவில் இருக்கும் நண்பனுக்குத் தெரியும். ஒருவர் சங்கதி இன்னொருவருக்கு மட்டும் தெரியாது. காரணம் இருவருக்கும் ஒன்றுதான்: "அவங்க எதுக்குக் கவலைப்படணும்?"

'நலம், நலமறிய ஆவல்'

இது இன்றைக்கு வந்த பழக்கம் இல்லை. அந்தக் காலக் கடிதங்களிலும் முதல் வரி "நலம், நலமறிய ஆவல்" என்றுதான் இருக்கும். வீட்டில் யாராவது காய்ச்சலில் படுத்திருந்தாலும் அந்த வரி மாறாது. ஆனால், கடிதம் அந்த ஒரு வரியோடு முடிந்துவிடாது.

இந்தியாவில் தபால் கார்டு வந்தது 1879-ல். விலை காலணா. தபால்காரர் முதல் பக்கத்து வீட்டுக்காரர் வரை யாரும் படித்துவிடலாம் என்பதால், வீட்டுக் கவலைகளை அதில் எழுதத் தயங்குவார்கள். 1950-ல் இன்லேண்ட் லெட்டர் வந்தது. மடித்து ஒட்டிவிடலாம் என்பதால் கொஞ்சம் மனம்விட்டு எழுத முடிந்தது. நீல நிறத் தாள் ஒன்றுதான். காசு கொடுத்து வாங்கியாயிற்று, இடத்தை வீணாக்கலாமா? ஓரங்களில், ஒட்டுகிற மடிப்பில், தாளைத் திருப்பித் திருப்பி எழுதினார்கள்.

பசு கன்று போட்டது, கிணற்றில் தண்ணீர் குறைந்தது, பக்கத்து வீட்டில் பெண் பார்க்க வந்தது, தம்பி கணக்கில் கோட்டைவிட்டது, கொல்லையில் முருங்கை காய்த்தது எல்லாம் அதில் வந்துவிடும். கடைசியில் "மற்றவை நேரில்". வாசலில் தபால்காரரின் சைக்கிள் மணி கேட்டதும் ஓடிப்போய் வாங்கி, கூடத்தில் ஒருவர் சத்தமாகப் படிக்க, வீடே உட்கார்ந்து கேட்டது. படித்த பிறகு கம்பியில் குத்தி வைத்தார்கள். பத்து வருடம் கழித்தும் எடுத்துப் படிக்க முடிந்தது.

அப்படிக் காப்பாற்றி வைத்ததால்தான் சில கடிதங்கள் நமக்கும் கிடைத்திருக்கின்றன. எழுத்தாளர் புதுமைப்பித்தன் சென்னையில் பத்திரிகை வேலை பார்த்துக்கொண்டிருந்தபோது, மனைவி கமலா பல சமயம் திருவனந்தபுரத்தில் பிறந்த வீட்டில் இருந்தார். அவருக்கு எழுதிய கடிதங்கள் 'கண்மணி கமலாவுக்கு' என்று புத்தகமாகவே வந்திருக்கின்றன. பெரிய இலக்கிய விவாதம் இருக்கும் என்று நினைத்துப் பிரித்தால் ஏமாந்துபோவீர்கள். வேலை, கையில் காசு இல்லாத தவிப்பு, உடம்பு, மனைவியைப் பிரிந்திருக்கும் ஏக்கம் என்று எல்லா வீட்டுக் கணவனும் எழுதுகிற விஷயங்களே அதிகம். சினிமா வேலையாகப் புனேவுக்குப் போன இடத்தில் காசநோய் முற்றி, 1948 ஜூன் 30-ல் திருவனந்தபுரத்தில் இறந்துபோனார். வயது 42. கஷ்டத்தை மறைக்காமல் எழுதியதால்தான் இன்றைக்கும் அந்த மனிதரை அந்தக் கடிதங்களில் பார்க்க முடிகிறது.

கோவில்பட்டி பக்கத்து இடைசெவல் கிராமத்து நண்பர்கள் கு.அழகிரிசாமியும் கி.ராஜநாராயணனும் இன்னொரு உதாரணம். ஒருவர் பிழைப்புக்காகச் சென்னை, மலேசியா என்று போனார். இன்னொருவர் ஊரிலேயே விவசாயம் பார்த்தார். இருவருக்கும் சங்கீதப் பைத்தியம். அழகிரிசாமி எழுதிய கடிதங்களைப் பத்திரமாக வைத்திருந்து புத்தகமாக்கியவர் கி.ரா.

24 மணி நேரத்தில் மறைகிற செய்தி

இன்லேண்ட் லெட்டர் போய், எஸ்.டி.டி பூத் வந்தது. மீட்டர் ஓடுகிற பயத்திலேயே பேசி முடித்தோம். தந்தி 2013 ஜூலையோடு நின்றுபோனது. இன்றைக்கு உலகத்தின் எந்த மூலையில் இருப்பவரோடும் முகம் பார்த்துப் பேசலாம். தனியாகக் காசும் இல்லை. அசோக் நகரின் அவென்யூக்களில் சாயங்காலம் நடந்தால், காதில் இயர்போனோடு வெளிநாட்டுப் பிள்ளைகளிடம் பேசிக்கொண்டே வாக்கிங் போகும் பெற்றோரைப் பார்க்கலாம்.

வசதி பெருகியிருக்கிறது. ஆனால், சொல்லுகிற விஷயம்? வாட்ஸ்அப்பில் 24 மணி நேரத்தில் மறைகிற ஸ்டேட்டஸ் 2017-ல் வந்தது. அதில் நாம் போடுவது புதுக் கார், பிறந்தநாள் கேக், சுற்றுலா. குடும்ப குரூப்பில் போடுவது காலை வணக்கப் பூக்கள், யாரோ அனுப்பிய வைத்தியக் குறிப்பு. நல்ல சேதி மட்டுமே வருகிற இடத்தில், கெட்ட சேதி சொல்லக் கூச்சம் வந்துவிடுகிறது. "எல்லாரும் நல்லா இருக்காங்க, நாம மட்டும் ஏன் புலம்பணும்?" என்று தோன்றிவிடுகிறது. அப்புறம் "நல்லா இருக்கேன்" என்பது, பேச்சை அத்துடன் முடிக்கிற வார்த்தையாகிவிடுகிறது.

ஒரு சின்ன விஷயம் காட்டிக்கொடுத்தது

மறுநாள், திங்கட்கிழமை. சென்னையில் இரவு 8.30. அம்மாவின் போன் அடித்தது. மகன்தான்.

"அம்மா, ஏழு நாளா உன் கோலம் வரலையே, ஏன்?"

தினமும் காலையில் வாசலில் கோலம் போட்டதும் அதைப் படம் எடுத்துக் குடும்ப குரூப்பில் போடுவது அம்மாவின் பழக்கம். யாரும் பதில் போட மாட்டார்கள். எப்போதாவது ஒரு கட்டைவிரல் வரும், அவ்வளவுதான். பார்க்கிறார்களா என்பதே அம்மாவுக்குச் சந்தேகம். மகன் தினமும் பார்த்திருக்கிறார். முந்தைய நாள் பேசி முடித்த பிறகு ஏதோ உறுத்த, குரூப்பில் மேலே தள்ளித் தள்ளிப் பார்த்திருக்கிறார். கடைசிக் கோலம் போன திங்கட்கிழமை.

அம்மா பதில் சொல்லவில்லை. எதிர்க்கேள்வி போட்டார்.

"அது இருக்கட்டும். அங்க திங்கட்கிழமை காலை பத்து மணி. இந்த நேரத்துக்கு உனக்கு மீட்டிங் இருக்குமே, நான் போன் பண்ணாக்கூட கட் பண்ணுவியே?"

இரண்டு பக்கமும் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. பிறகு அம்மா மேசைக்குக் கீழே இருந்த கையை மெதுவாக மேலே எடுத்தார். மகனும் சொல்லிவிட்டார்.

அம்மா அழுவார் என்று மகன் பயந்திருந்தார். அம்மா அழவில்லை.

"கிண்டி எஸ்டேட்ல பட்டறையை மூடினப்ப, உங்கப்பா பதினெட்டு நாள் டிபன் பாக்ஸோட கிளம்பிப் போனார்டா. எனக்கு மூணாவது நாளே தெரியும். அவரே சொல்லட்டும்னு இருந்தேன். அந்தப் பதினெட்டு நாளும் அவர் எங்க உட்கார்ந்து அந்தச் சாப்பாட்டைச் சாப்பிட்டார்னு கடைசி வரைக்கும் நான் கேக்கவே இல்ல. கேட்டிருக்கலாம்."

அப்பாவைப் பற்றி மகனுக்குத் தெரியாத கதை அது. அன்றைக்குப் பேச்சு ஒன்றேகால் மணி நேரம் நீண்டது. கையில் எவ்வளவு பணம் இருக்கிறது, எத்தனை நாள் பாக்கி, கிடைக்காவிட்டால் என்ன என்று எல்லாம் பேசினார்கள். "கிடைச்சா இரு. இல்லைன்னா வா. உன் ரூம் அப்படியேதான் இருக்கு" என்றார் அம்மா. மறுநாளே எதிர் வீட்டு அக்காவின் நம்பரை வாங்கி வைத்துக்கொண்டார் மகன். பாத்ரூம் சுவரில் கைப்பிடி பொருத்த ஆள் ஏற்பாடு செய்ததும் அங்கிருந்து அவர்தான்.

நான்கு கேள்வி போதும்

"என்ன விசேஷம்?" என்று கேட்டால் "ஒண்ணும் இல்ல" என்றுதான் பதில் வரும். "எப்படி இருக்கே?" என்றால் "நல்லா இருக்கேன்". கேள்வியை மாற்றிப் பாருங்கள்.

வீடு: "அந்த ஒழுகற குழாயைச் சரி பண்ணியாச்சா?" இதற்கு ஆமாம், இல்லை என்று ஏதாவது சொல்லித்தான் ஆக வேண்டும். இல்லை என்றால், தரை ஈரமாகவே இருக்கிறது என்று அர்த்தம்.

குடும்பம்: "இந்த வாரம் யார் வந்தாங்க, யார்கூடப் பேசினே?" தனியாக இருப்பவர்களின் நிலைமை இதில் தெரிந்துவிடும். நாலு வாரமாக யாருமே வரவில்லை என்றால், அது கவனிக்க வேண்டிய சேதி.

வேலை: "வேலை எப்படிப் போகுது?" என்பதைவிட, "இன்னிக்கு எத்தனை மணிக்குக் கிளம்பினே, மதியம் யாரோட சாப்பிட்டே?" என்று கேட்கலாம். ஓய்வுபெற்றவர்களுக்கும் இது பொருந்தும். பென்ஷன் ஆபீஸ், பேங்க், ஆயுள் சான்றிதழ் என்று அவர்களுக்கும் வேலைகள் இருக்கின்றன.

பொழுதுபோக்கு: பலரும் விட்டுவிடுகிற கேள்வி இதுதான். கோலம், தோட்டம், பாட்டு, குறுக்கெழுத்து, கிரிக்கெட், வாக்கிங். மனமோ உடம்போ சரியில்லை என்றால் பலரும் முதலில் நிறுத்துவது இதைத்தான். வேலைக்குப் போகாவிட்டால் ஆபீஸ் கேட்கும். சமைக்காவிட்டால் வயிறு கேட்கும். மாடித் தோட்டத்துக்குத் தண்ணீர் ஊற்றுவதை நிறுத்தினால் யார் கேட்பார்கள்? வீட்டில் இருப்பவர்கள்தான் கேட்க வேண்டும்.

இன்னொன்று. எல்லாவற்றையும் குரூப்பில் கொட்ட வேண்டியதில்லை. நாற்பது பேர் இருக்கிற குரூப்பில் வேலை போன விஷயத்தைப் போட்டால், ஆறுதலைவிட அறிவுரைதான் அதிகம் வரும். வீட்டைப் பூட்டிக்கொண்டு ஊருக்குப் போவதை எல்லோரும் பார்க்கிற ஸ்டேட்டஸில் போடுவதும் பாதுகாப்பில்லை. யாரிடம் எதைச் சொல்வது என்பது உங்கள் இஷ்டம். யாராவது ஒருவரிடமாவது உள்ளதை உள்ளபடி சொல்லிவிடுங்கள் என்பதுதான் விஷயம். சொல்லாமல் காப்பாற்றுவதாக நாம் நினைக்கிறோம். மேசைக்கு அந்தப் பக்கம் இருப்பவரும் அதையேதான் நினைத்துக்கொண்டிருக்கிறார்.

டல்லாஸ் மகனுக்கு இன்னும் வேலை கிடைக்கவில்லை. அம்மாவின் கைக்கட்டும் இன்னும் பிரிக்கவில்லை. ஆனால், அந்த வாரம் வெள்ளிக்கிழமை காலை குடும்ப குரூப்பில் ஒரு படம் வந்தது. இடது கையால் போட்ட கோலம். ஐந்து புள்ளிக் கோலம்தான், கோடெல்லாம் கோணல். கீழே ஒரே வரி: "கை உடைஞ்சிருக்கு. இடது கையால போட்டது. யாரும் சிரிக்கக் கூடாது."

வழக்கமாகக் கட்டைவிரலோடு நிறுத்துகிற குரூப்பில் அன்றைக்கு இருபது பேர் பதில் போட்டார்கள். மூன்று பேர் போனில் கூப்பிட்டார்கள். கோவையில் இருக்கும் நாத்தனார் மறுநாளே ரயில் ஏறிவிட்டார்.

உங்கள் வீட்டு குரூப்பையும் ஒருமுறை மேலே தள்ளிப் பாருங்கள். வந்ததையெல்லாம் பார்த்திருப்பீர்கள். சில நாளாக எது வரவில்லை?