அடுத்த ஊர் எவ்வளவு தூரம்?

சஞ்சிகைக் குழுவினர் என்னிடம் கேட்டது ஜப்பான் பயணக் கட்டுரையொன்று. செர்ரிப் பூ, புல்லட் ரயில், பனி என்று எழுதினால் எல்லோருக்கும் பிடிக்கும். ஆனால் அவற்றை எழுத அங்கே பத்து மாதம் இருக்கத் தேவையில்லை, ஒரு வாரச் சுற்றுலாவே போதும். பரிமாற்ற மாணவியாகப் போய் இன்னொருவர் வீட்டில் பிள்ளையாக வாழ்வது வேறு விஷயம். அதைப் பற்றி எனக்குச் சில அபிப்பிராயங்கள் உண்டு. அவை எல்லோருக்கும் பிடிக்கும் என்று சொல்வதற்கில்லை.

மாணவர் பரிமாற்றம் சுற்றுலாவிலிருந்து பிறந்ததல்ல, போரிலிருந்து பிறந்தது. முதலாம் உலகப் போரில் பிரான்ஸின் போர்முனைகளில் காயப்பட்டோரை ஏற்றிச் சென்ற அமெரிக்கத் தொண்டர்கள் ஏ.எஃப்.எஸ். என்ற பெயரில் இயங்கினார்கள். இரண்டாம் உலகப் போரிலும் அதே அம்புலன்ஸ் வேலை. அந்தப் போரும் முடிந்த பின், 1947 இலிருந்து, பாடசாலைப் பிள்ளைகளை நாடு விட்டு நாடு அனுப்பி முன்பின் தெரியாத குடும்பங்களோடு தங்கவைக்கத் தொடங்கினார்கள். ஹோட்டலில் அல்ல, வீட்டில். ஒரே மேசையில் சாப்பிட்ட பிள்ளைகள் பெரியவர்களானதும் ஒருவரையொருவர் சுடத் தயங்குவார்கள் என்ற எளிய நம்பிக்கைதான். நான் போனது வேறொரு திட்டத்தில். ஆனால் இப்படியான எல்லாத் திட்டங்களுக்கும் இதுதான் கரு.

எனக்கு இடம் கிடைத்த செய்தி ஊருக்குள் பரவியதும் வாப்பாவிடம் வந்த முதற் கேள்வி, "மஹ்ரம் இல்லாமல் பெண் பிள்ளையை அனுப்புகிறீர்களா?" என்பது. கேட்க வேண்டிய கேள்விதான். வாப்பாவும் அதை இலேசாக எடுக்கவில்லை. மார்க்கம் தெரிந்தவர்களிடம் போய்க் கேட்டார். எந்த வீடு, யார் யார் இருக்கிறார்கள், வளர்ந்த ஆண் பிள்ளைகள் உண்டா, எனக்குத் தனி அறை உண்டா என்று எழுத்தில் கேட்டுப் பதில் வாங்கினார். ஒரு பாட்டியும் இரண்டு மகள்மாரும் உள்ள வீடு என்று தெரிந்த பிறகே கையெழுத்து வைத்தார். ஆனால் எனக்கொரு மனக்குறை உண்டு. எழுபதுகளின் பிற்பகுதியிலிருந்து எமது ஊர்களின் தாய்மார் எத்தனை பேர் பணிப்பெண்களாக மத்திய கிழக்குக்குப் போனார்கள்! அவர்களுக்கு யார் மஹ்ரம்? போகும் வீட்டில் எத்தனை ஆண்கள் என்று எந்தச் சபை எழுதிக் கேட்டது? படிக்கப் போகும் பிள்ளைக்கு மட்டும் எழும்பும் கேள்வி, பாத்திரம் கழுவப் போகும் தாய்க்கும் எழும்பியிருக்க வேண்டும்.

நான் தங்கியது கோபே நகரிலிருந்து ரயிலில் போகும் தூரத்திலுள்ள சிறிய ஊரொன்றில். கோபேயில் 1935 இல் கட்டப்பட்ட பள்ளிவாசல் இருக்கிறது. ஜப்பானின் முதலாவது பள்ளிவாசல் அது. இந்திய, அரபு, தாத்தாரிய வர்த்தகர்கள் சேர்ந்து கட்டியது. 1945 இன் குண்டு வீச்சிலும் 1995 இன் பூமியதிர்ச்சியிலும் சுற்றியிருந்தவை அழிய, அது நின்றது. பெருநாளன்று ஒகாசான் என்னை அங்கே கூட்டிப்போனார். ஒகாசான் என்றால் அம்மா. வீட்டுக்காரப் பெண்ணை அப்படித்தான் கூப்பிடச் சொன்னார்கள்.

அங்கே நான் முதலில் வாசிக்கப் பழகிய கஞ்சி இரண்டு. (கஞ்சி என்பது அவர்களின் சித்திர எழுத்துக்குப் பெயர். நோன்புக் கஞ்சிக்கு ஏங்கியிருந்த எனக்கு வகுப்பில் அந்தச் சொல் கேட்கும்போதெல்லாம் பசிக்கும்.) ஒன்று பன்றிக்குரிய எழுத்து, மற்றது மதுவுக்குரியது. சோயா சோஸிலும் மது சேர்ந்திருக்கலாம், பாணிலும் பன்றிக் கொழுப்பு சேர்ந்திருக்கலாம். கறியில் இனிப்புக்கு ஊற்றும் மிரின் என்பதும் ஒரு வகை மதுவே. இரண்டாம் வாரத்திலேயே ஒகாசான் எனக்கென்று புதிய தாச்சியொன்று வாங்கிவிட்டார். கடையில் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பைக்கற்றின் பின்புறத்தை அவர் வாசிக்கும் பொறுமை எனக்கே இருக்கவில்லை. நோன்பு காலத்தில் அதிகாலை நாலு மணிக்கு எழும்பி மிசோ சூப் சூடாக்கித் தந்துவிட்டு மேசையில் எதிரே தூங்கி வழிவார்.

அது பௌத்த வீடு. கூடத்தில் மரப் பேழையொன்றில் இறந்துபோன தாத்தாவின் படம். காலையில் வடிக்கும் சோற்றில் முதற் பங்கு அவருக்கு. பாட்டி மணியடித்துக் கும்பிடுவார். என்னை யாரும் கும்பிடச் சொல்லவில்லை, நானும் கும்பிடவில்லை. அமைதியாக உட்கார்ந்திருப்பேன். சாப்பாட்டுக்கு முன் அவர்கள் கைகூப்பித் தங்கள் வார்த்தையைச் சொல்வார்கள், நான் பிஸ்மில்லாஹ் சொல்வேன். பிறகு எல்லோருக்கும் ஒரே சோறு. நான் தொழுவதற்கு எத்திசை என்று பாட்டி கேட்டபோது, மேற்கு, கொஞ்சம் வடக்கே சாய்ந்து என்று காட்டினேன். எமது ஊரிலும் அங்கேயும் கிப்லா ஏறத்தாழ ஒரே பக்கம்தான். நேரம்தான் ஒத்துவராது. இலங்கையில் மஃரிப் வருடம் முழுக்க ஆறு மணியை ஒட்டியே நிற்கும். அங்கே டிசம்பரில் ஐந்து மணிக்கு முன்பே வந்துவிடும். ஜூனில் சுபஹ் மூன்று மணியளவில்.

பாடசாலையில் தொழுவதற்குத் தேநீர்க் கலைக் கழகத்தின் பாய் விரித்த அறையைத் தந்தார்கள். பிள்ளைகளே நடைபாதையையும் மலசலகூடத்தையும் துடைப்பதைப் பற்றி இங்கே எல்லோரும் வாய் பிளந்து கேட்கிறார்கள். எமது வகுப்பறையையும் நாம்தானே தும்புத்தடி பிடித்துக் கூட்டுகிறோம்? வித்தியாசம் மலசலகூடத்தில்தான். அங்கே சில நாட்களில் ஆசிரியரும் வாளியோடு வருவார்.

எனக்குக் கஷ்டமாக இருந்தது வேலையல்ல, விளக்கம். தலையை மூடுவது வெயிலுக்கா என்று கேட்டார்கள். அது இலகு. "நீ பேசுவது தமிழ். ஆனால் தமிழர் வேறு, முஸ்லிம் வேறு என்கிறாய். அது எப்படி?" என்று பக்கத்து மேசைப் பெண் கேட்டாள். நூற்றுக்குப் பத்துப் பேரளவிலான எமது வரலாற்றை எனது அரைகுறை ஜப்பானிய மொழியில் சொல்லி முடிக்க மூன்று இடைவேளைகள் போயின. பாட்டிக்கு இலங்கை என்றதும் நினைவு வந்தது ஒரே பெயர், ஜயவர்தன. 1951 இல் சான் பிரான்சிஸ்கோ மாநாட்டில் எமது நிதியமைச்சராகப் பேசிய அவர், ஜப்பானிடம் போர் நட்டஈடு கேட்பதில்லை என்று அறிவித்தவர். பகையைப் பகையால் தீர்க்க முடியாது என்ற புத்தரின் போதனையைத்தான் காரணமாகக் காட்டினார்.

அன்றிரவு பாட்டி கேட்டார்: "உங்கள் நாட்டில் பெரும்பாலானோர் பௌத்தர்தானே? அவர்கள் வீட்டிலும் இப்படித்தான் சோறு படைப்பார்களா?"

எனக்குப் பதில் தெரியாது. எங்கள் ஊரிலிருந்து பஸ்ஸில் இருபது நிமிடம் போனால் முழுச் சிங்களக் கிராமம். அங்கிருந்து வரும் மரக்கறியைத்தான் நாம் சாப்பிடுகிறோம். பதினொரு வருடம் சிங்களம் பாடமாகப் படித்தேன். ஆனால் எமது பாடசாலை முஸ்லிம் பாடசாலை, அவர்களுடையது சிங்களப் பாடசாலை. ஒரு சிங்கள வீட்டில் ஓரிரவு தங்க எனக்கோ, எம் வீட்டில் தங்க அங்குள்ள ஒரு பிள்ளைக்கோ எவரும் வழி செய்து வைக்கவில்லை. ஜப்பானுக்குப் போக விண்ணப்பப் படிவம் இருக்கிறது. அடுத்த ஊருக்குப் போக இல்லை.

2014 இல் அளுத்கம, 2018 இல் திகன, 2019 இல் மினுவாங்கொடை. எரித்தவர்களில் எத்தனை பேர் ஒரு முஸ்லிம் வீட்டுச் சமையலறையைக் கண்டிருப்பார்கள்? கண்டிருந்தால் எரித்திருக்க மாட்டார்கள் என்று நான் சொல்ல வரவில்லை. பக்கத்து வீட்டாரே காட்டிக்கொடுத்த கதைகளும் உண்டு, பக்கத்து வீட்டாரே ஒளித்து வைத்த கதைகளும் உண்டு. ஒளித்து வைத்தவர்கள் முன்பே வீட்டுக்குள் வந்து போனவர்களாக இருந்தார்கள் என்பதை மட்டும் கவனியுங்கள்.

ஆகவே கல்லூரிக்கு எனது யோசனை இது. எமது நோன்பு விடுமுறையில் சிங்களப் பாடசாலைகள் நடக்கின்றன. அவர்களுடைய விடுமுறை சிலவற்றில் நாம் படிக்கிறோம். இரு தவணை அட்டவணைகளும் ஒத்துவராதது இதற்கு வசதி. பக்கத்து நகரின் ஒரு மகளிர் பாடசாலையோடு பேசி, பத்துப் பிள்ளைகள் ஒரு வாரம் போகட்டும், பத்துப் பிள்ளைகள் ஒரு வாரம் வரட்டும். வீட்டிலேயே தங்க வேண்டும். பகல் மட்டும் போய் வரவேற்பு நடனம் பார்த்து, போட்டோ எடுத்துத் திரும்புவது வேண்டாம். வாப்பாமார் வாப்பாவைப் போல எழுத்தில் எல்லாம் கேட்கட்டும், அங்குள்ள தாத்தாமாரும் எங்களைப் பற்றிக் கேட்கட்டும். விமான டிக்கற் தேவையில்லை, பஸ் காசு போதும்.

எங்கள் வீட்டில் ஓர் அறை இருக்கிறது. உம்மாவிடம் கேட்டுவிட்டேன். போயா தினத்தில் அந்தப் பிள்ளைக்குச் சமைக்கும் பருப்பில் மாசி போடலாமா, கூடாதா என்பது மட்டும்தான் அவருக்குத் தெரிய வேண்டுமாம்.