சிவப்புப் புள்ளி

ஒரு பழைய வால்வு ரேடியோவைக் கொல்ல எவ்வளவு நேரம் ஆகும்? அனுபவத்தில் சொல்கிறேன் சார்... பத்தே செகண்ட்!

தூத்துக்குடியில் அத்தை வீடு. பீரோ மேல் பழைய வேட்டியைச் சுற்றிக்கொண்டு முப்பது வருஷமாகத் தூங்கியது அந்த மரப்பெட்டி. மாமா அதை வாங்கியது 1961-ல். நம் கரையில் கடைசியாகப் பெரிய முத்துக்குளிப்பு நடந்த வருஷம். மாமா கடலில் குதித்தவரில்லை. கப்பல் ஏஜென்ட் ஆபீஸ் குமாஸ்தா. ஆனாலும் "முத்தெடுத்த வருஷம் வாங்கினது" என்றுதான் கடைசிவரை பெருமையடித்தார்.

மாமா போய் நாலு வருஷம். வீட்டுக்கு வெள்ளையடிக்கும் சாக்கில், பெட்டியைப் பழைய இரும்புக்காரருக்குப் போட்டுவிடலாம் என்று அத்தை மகன் முடிவு கட்டியிருந்தான். எண்பது தாண்டிய அத்தை எதுவும் பேசவில்லை. முந்தானையால் அதைத் துடைத்துக்கொண்டே இருந்தாள்.

"நான் பாட வைக்கிறேன் அத்தை!" என்றேன். வீட்டில் இரண்டு தடவை ஃப்யூஸ் போட்ட தைரியம். ப்ளக்கைச் சொருகினேன். 'உர்ர்ர்' என்று ஒரு உறுமல். ஒரு பளிச். அப்புறம் புகை.

"போட்டும் விடுல. அவுகளே போயாச்சு..." என்றாள் அத்தை. நாலு திட்டு திட்டியிருந்தால் தேவலை.

அன்றைக்கே பெட்டியை ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு ஊரெல்லாம் அலைந்தேன். கடைசியில் ஒரு சந்துக்குள், செல்போன் சார்ஜர்களுக்கு நடுவே ஒரு பெரியவர் அகப்பட்டார். பின்பக்க அட்டையைக் கழற்றினார். முகர்ந்து பார்த்தார்.

"நேரா கரண்ட்டுல சொருகினீகளோ?"

"ஆமா அண்ணாச்சி..."

"முப்பது வருஷம் படுத்துக் கிடந்த ஆளை எழுப்பி, உடனே ஓட்டப்பந்தயத்துல விட்டா என்ன தம்பி ஆகும்?"

அப்புறம் எனக்கு வகுப்பே எடுத்தார். கரண்ட் இல்லாமல் வருஷக்கணக்கில் கிடந்தால் ஃபில்டர் கண்டன்சர் உள்ளே காய்ந்துவிடும். திடீரென்று முழு வோல்டேஜ் பாய்ந்தால் ஷார்ட். அது தான் மட்டும் சாகாமல் ரெக்டிஃபையர் வால்வையும் கூட்டிக்கொண்டு போயிருக்கிறது. டிரான்ஸ்ஃபார்மர் தப்பியது என் அதிர்ஷ்டம். இல்லாவிட்டால் புதிதாகக் கம்பி சுற்ற வேண்டும்.

இதற்கு அவர் வைத்திருக்கும் வைத்தியம் ஒரு சாதாரண குண்டு பல்பு! ரேடியோவோடு சீரீஸில் போட்டுவிடுகிறார். உள்ளே ஷார்ட் இருந்தால் பல்பு பிரகாசமாக எரியும், ரேடியோ பிழைக்கும். "ப்ளக்கைப் பிடுங்கிட்டோம்னு கையை விட்டுராதீக. கண்டன்சருக்குள்ள இருநூறு வோல்ட்டுக்கு மேல உக்காந்திருக்கும்" என்று எச்சரிக்கை வேறு.

மெழுகு பூசிய பேப்பர் கண்டன்சர்களையெல்லாம் மாற்றினார். அதில் ஒன்று கசிந்தால் போதுமாம், அவுட்புட் வால்வு காய்ச்சல் கண்டு, டிரான்ஸ்ஃபார்மரையும் எரித்துவிடும். பேண்ட் ஸ்விட்ச் பூராவும் பச்சைக் களிம்பு. சேஸிஸில் துரு.

"எல்லாம் உப்புக் காத்து. ஆனா பாருங்க, மீடியம் வேவ் தரையை விட உப்புத்தண்ணி மேலதான் ரொம்பத் தூரம் போகும். கொழும்பை இந்த ஊருல அவ்வளவு தெளிவா கேட்டோம்னா அதுக்கு இந்தக் கடல்தான் காரணம். பாட்டைக் கொண்டுவந்ததும் அதுதான், பெட்டியைத் தின்னதும் அதுதான்!"

பெட்டிக்குள்ளிருந்து ஒரு நைந்த புத்தகத்தை எடுத்தார். போஸ்ட் ஆபீஸில் வருஷா வருஷம் பணம் கட்டிய ரேடியோ லைசென்ஸ். பாட்டுக் கேட்க லைசென்ஸா என்று சிரிக்காதீர்கள். 1980-களில்தான் அது ஒழிந்தது. 1952-ல் மந்திரியான கேஸ்கர் நம் வானொலியில் சினிமாப் பாட்டை ஓரங்கட்டினார். ஜனங்கள் சத்தம் போடாமல் ரேடியோ சிலோன் பக்கம் முள்ளைத் திருப்பிவிட்டார்கள். 1957-ல் விவித பாரதி வந்த பிறகும் பலர் முள்ளைத் திருப்பவில்லை. மாமாவும் அந்தக் கட்சி.

பத்து நாள் கழித்துப் பெட்டியை அத்தை முன்னால் வைத்தேன். வால்வு சூடாக அரை நிமிஷம். யாரும் மூச்சுவிடவில்லை. டயல் விளக்கு மஞ்சளாக எரிந்தது. கண்ணாடியில் மாமா நகப்பாலீஷால் வைத்த சிவப்புப் புள்ளி. அத்தை நடுங்கும் விரலால் முள்ளை நேராக அங்கே கொண்டுபோய் நிறுத்தினாள்.

'ஸ்ஸ்ஸ்ஸ்...' வெறும் இரைச்சல்.

எனக்கு வயிற்றைக் கலக்கியது. "அத்தை, அந்த ஸ்டேஷன் இப்ப அங்க இல்லை போலிருக்கு. வேற இடத்துல தமிழ் வருதான்னு..." என்று கையை நீட்டினேன். தட்டிவிட்டாள்.

"சும்மா இருல. மொதல்ல இந்தச் சத்தந்தான் வரும். அப்புறந்தான் மயில்வாகனன் பேசுவாரு. அதுக்குள்ள நான் ஓடிப்போய் மாமாவுக்குக் காப்பி போட்டுட்டு வந்துருவேன்."

சொல்லிவிட்டு எழுந்து அடுப்படிக்குப் போனாள்.

இரைச்சல் ஓடிக்கொண்டே இருந்தது. அத்தை மகன் வந்து எட்டிப் பார்த்தான். "என்னலே இது, வெறும் இரைச்சலா இருக்கு?" என்று வால்யூமைக் குறைக்கப் போனான்.

அடுப்படியிலிருந்து குரல் வந்தது.

"ஏல, அதைத் தொட்டே... கையை ஒடிச்சிருவேன்!"