டீச்சருக்கு எதுக்கு பீரங்கி?



போன வாரம் குடும்பக் குழுவில் ஒரு செய்தி வந்தது. "உலகிலேயே முதன்முதலில் விமானத்திலிருந்து குண்டு வீசிய நாடு பல்கேரியா! மெய்சிலிர்க்கிறதா? பகிருங்கள்!" அனுப்பியவர் என்னிடம் படித்த தம்பி. தவறு என்று ஒரு வரி எழுதினேன். உடனே சம்பந்தி அம்மா, "ரிட்டயர் ஆன டீச்சருக்கு எதுக்கு பீரங்கியும் குண்டும்? கோயில் குளம்னு போகலாமே" என்றார். இருவருக்கும் சேர்த்தே பதில். கொஞ்சம் நீளம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் தம்பிக்கு. 1911 நவம்பர் 1 அன்று லிபியாவில் இத்தாலிய விமானி ஜூலியோ கவோட்டி கையாலேயே குண்டுகளை வீசிவிட்டார். பல்கேரியரான மில்கோவும் தரக்சியேவும் எடிர்னே நகரின் மேல் பறந்தது அடுத்த ஆண்டுதான். அந்தத் தேதியை ஓரிடத்தில் 1912 அக்டோபர் 16 என்பார்கள், இன்னோரிடத்தில் அக்டோபர் 29 என்பார்கள். இரண்டும் சரி! பல்கேரியா 1916 வரை பழைய நாட்காட்டியில் இருந்தது. அந்த வருடம் மார்ச் 31க்கு மறுநாள் ஏப்ரல் 14. இது தெரியாதவர் ஒரு சண்டையை இரண்டு சண்டையாக எண்ணிவிடுவார். 1876 ஏப்ரல் எழுச்சிகூட நம் கணக்குக்கு மே 2ல்தான் தொடங்கியது. அங்கே 13 நாள் கூட்டினாலும் தப்பு, அந்த நூற்றாண்டுக்கு 12தான். நான் வரலாற்றில் பட்டம் வாங்கியவள் அல்ல, ஆசிரியர் பயிற்சிப் பட்டயம் மட்டும்தான். இந்தக் கூட்டலுக்கு அது போதும்.

இனி சம்பந்தி அம்மாவுக்கு. அந்த 1876ல் துருக்கிய சுல்தானை எதிர்த்த கிராமத்தாரிடம் பீரங்கி இல்லை. செர்ரி மரத்தைக் குடைந்து, இரும்புப் பட்டை கட்டி, சிலவற்றில் உள்ளே செம்புக் குழாய் செருகிச் சுட்டார்கள். மரம் பிளந்ததுதான் மிச்சம். எழுச்சி ரத்தத்தில் முடிந்தது. அந்த மரப் பீரங்கியைத் தன் நாவலில் எழுதிப் புகழாக்கியவர் இவான் வாசோவ். அவருடைய தம்பி ஜெனரல் கியோர்கி வாசோவ்தான் 1913 மார்ச்சில் எடிர்னே கோட்டையின் கிழக்குப் பக்கத் தாக்குதலை நடத்தினார். அண்ணன் கதையில் மரம், தம்பி கையில் எஃகு. நடுவே முப்பத்தேழே வருடம்.

அந்த எஃகு எங்கிருந்து வந்தது? இதைக் கேட்காமல் "வீர வரலாறு" எழுதுகிறவர்கள் மேல்தான் எனக்குக் கோபம். பல்கேரியா 1904ல் பாரிசில் கடன் வாங்கியது. அந்தக் கடனோடு ஒட்டிக்கொண்டே வந்தது, பிரான்சின் ஷ்னைடர் கம்பெனியிடம்தான் பீரங்கி வாங்க வேண்டும் என்ற ஏற்பாடு. கடனைக் கட்டியது கோதுமை விதைத்த குடியானவன். பல்கேரியரிடம் ஜெர்மனியின் க்ரூப் பீரங்கிகளும் இருந்தன. எதிரே கோட்டைக்குள் துருக்கியரிடம் இருந்ததும் க்ரூப்தான்! ஒரே பட்டறையில் வார்த்தவை இரு பக்கமும் நின்று சுட்டுக்கொண்டன. யார் தோற்றாலும் விற்றவன் தோற்கவில்லை.

வீர வரலாற்றுக்காரர்கள் இன்னொன்றையும் சொல்வதில்லை. எடிர்னேயை உடைக்கப் பல்கேரியரின் பீரங்கிகள் மட்டும் போதவில்லை. செர்பியர்கள் தங்கள் கனரகப் பீரங்கிகளோடு வந்து உதவினார்கள். கோட்டை மார்ச் 26ல் விழுந்தது. ஜூன் கடைசியில் அதே செர்பியரோடு பல்கேரியாவுக்குச் சண்டை. ஜூலையில் துருக்கியர் சாவகாசமாகத் திரும்பி வந்து எடிர்னேயை எடுத்துக்கொண்டார்கள். அத்தனை பேர் செத்துப் பிடித்த கோட்டை நான்கு மாதம்கூடத் தங்கவில்லை. 1919ல் நெய்யி ஒப்பந்தம் பல்கேரிய ராணுவத்தையே இருபதாயிரம் பேராகச் சுருக்கியது.

"இதைப் படிப்பவர்கள் போர்ப் பித்துப் பிடித்தவர்கள்" என்று குழுவில் இன்னொருவரும் எழுதியிருந்தார். ஐயா, பித்து பீரங்கியைப் பார்ப்பதில் இல்லை. பளபளக்கும் குழாயை மட்டும் பார்த்துவிட்டு, அதில் பொறித்திருக்கும் பட்டறைப் பெயரையும் வருடத்தையும் பார்க்காமல் போவதில் இருக்கிறது. சிரிலிக் எழுத்தை அறுபது வயதுக்கு மேல் நான் எழுத்துக்கூட்டிக் கற்றது அதைப் படிக்கத்தான். இப்போதும் திக்கித் திக்கித்தான் படிக்கிறேன்.

கோயிலுக்கும் போகிறேன் சம்பந்தி அம்மா, வெள்ளிக்கிழமை தவறுவதில்லை.

தம்பி, அந்தச் செய்தியை எத்தனை குழுவுக்கு அனுப்பினாயோ அத்தனைக்கும் "1911, லிபியா, இத்தாலி" என்று திருத்தம் போட்டுவிட்டு இங்கே கீழே தெரிவி. வீட்டுப்பாடம் என்று வைத்துக்கொள்.