விலையும் மதிப்பும்



ஒரு பொருளின் விலை ஏறினால் அதன் மதிப்பும் ஏறிவிட்டதென்று நாம் எளிதில் நம்பிவிடுகிறோம். இந்த நம்பிக்கையைச் சோதித்துப் பார்க்க ஓர் உரைகல் உண்டு: அரிய பழங்கணினிகளை இணைய ஏலத்தில் வாங்கிச் சேகரிப்போரின் உலகம்.

1976-ஆம் ஆண்டு கலிபோர்னியாவில் ஸ்டீவ் வோஸ்னியாக் வடிவமைத்த ஆப்பிள்-1 கணினியை எடுத்துக்கொள்ளுங்கள். அது ஒரு மின்சுற்றுப் பலகை மாத்திரமே. விசைப்பலகையையும் திரையையும் வாங்கினவரே தேடிக்கொள்ள வேண்டும். அதன் விலை 666.66 டாலர், செய்யப்பட்டவை ஏறக்குறைய 200. மறு ஆண்டில் ஆப்பிள்-2 வந்தபோது, நிறுவனமே பழைய பலகைகளைத் திரும்பப் பெற்று அழித்துப்போட்டது. தப்பினவற்றுள் ஒன்றை, 2014-இல் நியூயார்க்கில் நடந்த ஏலத்தில் ஹென்றி ஃபோர்டு அருங்காட்சியகம் 9,05,000 டாலருக்கு வாங்கியது.

அந்தப் பலகையின் ஆற்றல் இடையில் கூடிவிடவில்லை. உங்கள் சட்டைப்பையிலுள்ள கைப்பேசி அதைப் பன்மடங்கு மிஞ்சும். 1982-இல் வந்த கமடோர் 64 ஒரு கோடிக்குமேல் விற்று, எத்தனையோ பிள்ளைகளுக்குக் கணினியை அறிமுகப்படுத்தியது. அது இன்றும் சில நூறு டாலருக்கே கிடைக்கிறது. ஆகவே, ஏலத்தின் விலை ஒரு பொருளின் அருமையைச் சொல்லும். அது செய்த நன்மையைச் சொல்லாது.

ஈபே போன்ற தளங்களில் நீங்கள் கொடுக்கக்கூடிய உச்சத் தொகையை முன்னதாகவே குறித்து வைக்கலாம். அந்த எல்லைக்குள், போட்டியாளரைவிடச் சற்றே கூட்டி, தளமே உங்களுக்காகக் கேட்டுக்கொண்டிருக்கும். அமைதியான மனதோடு எல்லை வகுப்பவருக்கு இது நல்ல ஏற்பாடு. ஆனால் கடைசி நிமிடங்களில் என்ன நடக்கிறது? "இன்னொருவன் கொண்டுபோய்விடுவானே" என்ற பதற்றத்தில் எல்லை உயர்கிறது, மறுபடியும் உயர்கிறது. அந்த நேரத்தில் கணினியின்மேலிருந்த அன்பு மறைந்து, வெல்லவேண்டும் என்ற வெறியே மிஞ்சுகிறது. பிறன் விரும்புகிறான் என்பதற்காகவே நாமும் விரும்புவதற்கு இச்சை என்று பெயர். அதற்கான பணமோ குடும்பத்தின் பணம்.

நான் சேகரிப்பைக் குறைகூறவில்லை. பழங்கணினிகள் தாமாக நிலைத்திருப்பவை அல்ல. உள்ளிருக்கும் மின்கலம் கசிந்து செப்புத் தடங்களை அரித்துவிடும்; மின்தேக்கிகள் கெட்டுப்போகும். ஒருவர் பொறுமையாகத் துடைத்து, பற்றவைத்து, மீண்டும் இயக்கி, இளையோர் அதைத் தொட்டுப் பார்க்க இடங்கொடுக்கும்போது, ஒரு தலைமுறையின் உழைப்பு காக்கப்படுகிறது. அவரே நல்ல உக்கிராணக்காரர். விலை ஏறட்டும் என்று பெட்டியில் பூட்டி வைப்பவரோ எதையும் காக்கவில்லை. பூட்டிய பெட்டிக்குள்ளும் மின்கலம் கசியும்.

2015-இல் கலிபோர்னியாவின் மில்பிடாஸ் நகரத்து மறுசுழற்சி நிறுவனமொன்று ஒரு செய்தியை வெளியிட்டது. பெயர் சொல்லாமலும் ரசீது பெறாமலும் ஒரு பெண்மணி விட்டுச்சென்ற பெட்டிகளில் ஓர் ஆப்பிள்-1 இருந்ததாம். அது 2,00,000 டாலருக்கு விற்றதென்றும், அதில் பாதியைக் கொடுக்க அவரைத் தேடுகிறோம் என்றும் அவர்கள் அறிவித்தார்கள். யாரும் கேட்டு வராத பங்கை உரியவரிடம் சேர்க்கத் தேடினார்களே, அந்த உண்மைதான் அந்தப் பலகையைவிட அரியது என்பேன்.

பிரியமானவர்களே, நீங்கள் சேகரிப்பது கணினியானாலும் நாணயமானாலும் ஏலத்தில் நுழையுமுன் இரண்டு காரியங்களைச் செய்யுங்கள். உங்கள் எல்லைத் தொகையை ஒரு தாளில் எழுதி வீட்டாரிடம் காட்டுங்கள். "இது என் கைக்கு வந்தால் யாருக்குப் பயன்படும்?" என்று உங்களையே கேளுங்கள். பதில் கிடைக்காவிட்டால் அதை விட்டுவிடுங்கள். அப்படி விட்டுக்கொடுத்த ஏலத்தில் உங்களுக்கு நஷ்டம் ஒன்றுமில்லை.