இறந்தபின் கிட்டிய குடியுரிமை

2003ஆம் ஆண்டு மார்ச் 21ஆந் திகதி, ஈராக்கின் உம் கசர் துறைமுகத்தை அண்டிய சமரில் ஹோசே அன்ரோனியோ குற்றியெரஸ் மாண்டான். அமெரிக்கச் சீருடை அணிந்திருந்த அவ்விளைஞன் அமெரிக்கக் குடிமகனல்லன். குவாத்தமாலாத் தெருக்களில் அநாதையாய் வளர்ந்து, மெக்சிக்கோவைக் கடந்து, அனுமதியின்றி எல்லை தாண்டியவன். கட்டடக் கலைஞனாகக் கனவு கண்டவன்.

படையிற் பணிபுரியும் அந்நியர் காத்திராது குடியுரிமை கோரலாமென 2002 யூலையில் சனாதிபதி புஷ் கட்டளையிட்டிருந்தார். இவனுக்கோ அது இறந்த பின்னரே கிட்டியது. அந்நாளில் அது வெறுங் கௌரவமே. எஞ்சிய உறவினருக்குக் குடிவரவு உரிமை எதையும் அது தரவில்லை. 2003 நவம்பரிற் சட்டந் திருத்தப்பட்டபோது மனைவி, மக்கள், பெற்றோர் பயன்பெற்றனர், உடன்பிறந்தார் சேர்க்கப்படவில்லை. இவனுக்கு எஞ்சியிருந்தவளோ ஒரு சகோதரி.

உடல் குவாத்தமாலாவுக்கே மீண்டது. வறிய இளைஞர் உயிரைப் பணயம் வைத்துத்தான் ஒரு நாட்டின் மக்களாக வேண்டுமா? அவனை நினைக்குந்தோறும் இவ்வினாவே என் நெஞ்சில் எழுகின்றது.